ஒற்றைச் சுரத்துக்குள் இரு மரபுகள்: இசாங் யுன்னின் வயலின் கன்செர்ட்டோக்கள்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் 'கன்செர்ட்டோ' எனப்படுவது, ஒரு தனி வாத்தியக் கலைஞரும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில் உரையாடியும் மோதியும் இணங்கியும் செல்லும்படி எழுதப்படும் நெடிய இசைப் படைப்பாகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் விவால்டி இதற்கு உறுதியான வடிவம் தந்தார். 19ஆம் நூற்றாண்டில் பீத்தோவன், மெண்டல்சன், பிராம்ஸ் ஆகியோர் வயலினுக்காக எழுதிய கன்செர்ட்டோக்கள் இன்றும் உலகின் பெரிய அரங்குகளில் இடையறாது ஒலிக்கின்றன. ஐரோப்பாவின் தனிச்சொத்தாக நெடுங்காலம் கருதப்பட்ட இந்த வடிவத்துக்குள், கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த இசாங் யுன், 1981 முதல் 1992 வரை எழுதிய மூன்று வயலின் கன்செர்ட்டோக்களின் வழியாகத் தம் மண்ணின் இசைச் சிந்தனையைக் கொண்டுவந்தார். அவர் அதைக் கொண்டுவந்த முறையே இந்தப் படைப்புகளின் தனிச்சிறப்பு.

இரண்டு இசை மரபுகளை இணைக்க எளிய வழிகள் உண்டு. ஒரு நாட்டுப்புற மெட்டை எடுத்து அதற்கு மேற்கத்திய ஹார்மனி சேர்க்கலாம். ஆர்கெஸ்ட்ராவின் நடுவே ஒரு கீழைநாட்டு வாத்தியத்தை அமர்த்தலாம். ஐந்து சுரங்களே கொண்ட அளவைப் பயன்படுத்திக் கேட்பவர் மனத்தில் கிழக்கின் சாயலை எழுப்பலாம். இவ்வழிகளில் அழகான படைப்புகள் பிறந்திருக்கின்றன என்றாலும், அவற்றில் பெரும்பாலும் ஒரு மரபு வீட்டுக்காரராகவும் மற்றொன்று விருந்தாளியாகவுமே நிற்கின்றன. யுன் தம் வயலின் கன்செர்ட்டோக்களில் கொரிய வாத்தியம் எதையும் மேடையேற்றவில்லை. ஒரு சுரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வாழ்கிறது, எப்படி முடிகிறது என்பது குறித்துக் கொரிய மரபு கொண்டிருக்கும் எண்ணத்தையே அவர் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவின் அடித்தளத்தில் வைத்தார்.

தொங்யொங்கிலிருந்து பெர்லினுக்கு

மேற்கத்திய இசை கொரியாவில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னரே. கிறித்தவ மதப்பணியாளர்களின் பாடல்களும், 1901இல் சியோலுக்கு வந்து அரசவையின் இராணுவ இசைக்குழுவை உருவாக்கிய பிரான்ஸ் எக்கர்ட் என்ற ஜெர்மானியரின் பயிற்சியும் அதற்கு வழிவகுத்தன. 1910இல் கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடாக மாற்றப்பட்டதால், அடுத்த தலைமுறைக் கொரிய இளைஞர்கள் மேற்கத்திய இசையைப் பெரும்பாலும் ஜப்பான் வழியாகவே கற்க வேண்டியிருந்தது.

1917இல் பிறந்து, தென்கடற்கரைத் துறைமுக நகரமான தொங்யொங்கில் வளர்ந்த யுன் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். மீனவர் பாடல்களும் கோயில் ஒலிகளும் ஊர்க்கலைஞர்களின் இசையும் அவருடைய இளமைக் கேள்வியில் ஊறியிருந்தன. பதின்வயதில் வயலின் கற்கத் தொடங்கிய அவர், பின்னர் செல்லோவையும் இசையமைப்பையும் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது கொரிய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1943இல் ஜப்பானியரால் சிறைவைக்கப்பட்டார். போருக்குப் பின் அநாதைச் சிறுவர் இல்லத்திலும் பள்ளிகளிலும் பணியாற்றி, 1955இல் சியோல் நகரின் பண்பாட்டு விருதைப் பெற்று, அடுத்த ஆண்டு, 40 வயதை நெருங்கும் பருவத்தில், மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்.

பாரிசில் சிறிது காலம் பயின்றபின் அவர் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியில் சேர்ந்து, போரிஸ் பிளாஹர், யோசஃப் ரூஃபர் ஆகியோரிடம் கற்றார். ரூஃபர், ஆஸ்திரிய இசையமைப்பாளர் அர்னால்டு ஷோன்பெர்க்கின் மாணவர். ஷோன்பெர்க் வகுத்த பன்னிரு சுர முறையை விளக்கி நூல் எழுதியவர். ஒரு ஸ்தாயியில் அடங்கும் 12 சுரங்களில் எதற்கும் தலைமை தராமல், அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைத்து, அந்த வரிசையிலிருந்தே முழுப் படைப்பையும் கட்டுவதுதான் பன்னிரு சுர முறை. அன்றைய ஐரோப்பாவின் புதிய இசை பெரிதும் இம்முறையைச் சுற்றியே இயங்கியது. 1958இல் யுன் கலந்துகொண்ட டார்ம்ஸ்டாட் கோடைக்காலப் பயிலரங்கு அதன் முக்கியக் களமாக விளங்கியது. 1959இல் அதே டார்ம்ஸ்டாட்டில் அவருடைய 'ஏழு கருவிகளுக்கான இசை' அரங்கேறியபோது அவர் ஐரோப்பியப் புத்திசை உலகில் கவனம் பெற்றார். ஆயினும் கடன் வாங்கிய முறையில் தேர்ச்சி காட்டுவது அவருக்குப் போதுமானதாக இல்லை. அந்தத் தேர்ச்சியைக் கொண்டு தம் இளமையில் கேட்ட ஒலியை எழுத முடியுமா என்பதே அவர் எதிர்கொண்ட கேள்வி.

கொரிய இசையில் சுரத்தின் வாழ்வு

கொரியாவின் செவ்வியல் இசையில் அரசவை மரபுக்கு நெடிய வரலாறு உண்டு. 1116இல் சீனாவின் சோங் பேரரசர் அனுப்பிய சடங்கு வாத்தியங்கள் அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ மரபின் அரசவைக்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு உள்நாட்டு வாத்தியங்களும் வழிபாடு, விருந்து, ஊர்வலம் ஆகியவற்றுக்குரிய தனித்தனி இசை வகைகளும் நூற்றாண்டுகளாக வளர்ந்தன. 12 தந்திகளை விரலால் மீட்டும் கயாகும், ஆறு தந்திகளை மூங்கில் குச்சியால் தட்டி ஒலிக்கும் கொமுங்கோ, இரண்டே தந்திகளை வில்லால் இழைக்கும் ஹெகும், பிசின் தடவிய மரக்குச்சியை இழுத்து வாசிக்கப்பட்ட ஆஜெங், இரட்டை நாணல் பொருத்திய பிரி, மூங்கிலால் ஆன பெரிய குழலான தெகும் ஆகியவை இம்மரபின் முதன்மையான வாத்தியங்கள்.

இந்த வாத்தியங்களை வாசிக்கும் முறையில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கயாகும் வாசிப்பவர் வலக்கையால் தந்தியை மீட்டுகிறார். பின்னர் இடக்கையால் அத்தந்தியை அழுத்தியும் அசைத்தும் ஒலியை உயர்த்தி, தாழ்த்தி, அதிரச் செய்கிறார். இதை 'நொங்ஹியொன்' என்பர். மீட்டிய கணத்தில் சுரம் பிறக்கிறதே தவிர அதன் உருவம் முழுமையடைவதில்லை. மீட்டியபின் இடக்கை செய்வதே அதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது. தென்மேற்குக் கொரியாவின் நாட்டுப்பாடல்களில் இது இன்னும் தெளிவாக விளங்கும். அவற்றின் அளவில் கீழே உள்ள சுரம் அகலமாக அதிர வேண்டும். நடுச்சுரம் அசைவின்றி நிற்க வேண்டும். மேற்சுரம் சற்றே உயர்ந்து தொட்டவுடன் கீழ்நோக்கி முறிய வேண்டும். அந்த அதிர்வும் முறிவும் இல்லாவிட்டால் சுரம் சரியாக இருந்தும் பாட்டு பிழையாகிவிடும்.

கமகத்தில் பழகிய தமிழ்ச் செவிக்கு இது புதிராக இருக்காது. கர்நாடக இசையிலும் சுரம் என்பது அசையாப் புள்ளியாக நிற்பதில்லை. அதை நோக்கிச் செல்லும் வழியும் அதைச் சூழ்ந்த அசைவும் சேர்ந்தே அதற்கு உயிர் தருகின்றன. ஆனால் ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஒரு சுரத்தின் பொருள் பெரும்பாலும் பிற சுரங்களுடன் அதற்குள்ள உறவிலிருந்தே கிடைக்கிறது. முன்னும் பின்னும் வரும் சுரங்களோடு சேர்ந்து அது மெலடியாகிறது. மேலும் கீழும் ஒலிக்கும் சுரங்களோடு சேர்ந்து ஹார்மனியாகிறது. தனித்து நிற்கும்போது கட்டடத்தில் இன்னும் வைக்கப்படாத கல்லாகவே இருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்க யுன், மேற்கின் சுரத்தைப் பென்சில் கோட்டுக்கும் கிழக்கின் சுரத்தைத் தூரிகைக் கோட்டுக்கும் ஒப்பிட்டார். பென்சில் கோடு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே தடிமனில் செல்கிறது. தூரிகைக் கோடு ஒரே வீச்சுக்குள் தடித்தும் மெலிந்தும் வளைந்தும் செல்வதால் ஒவ்வொரு கோடும் தனக்கென ஒரு முகம் கொண்டிருக்கிறது.

கொரியக் கூட்டிசையின் அமைப்பையும் இங்கே கருத வேண்டும். 'சூஜெசொன்' போன்ற மிக மெதுவான அரசவை இசையில் பிரி ஒரு தொடரை முடித்து மூச்சுவிடும்போது, தெகும், ஹெகும், ஆஜெங் ஆகியவை அதே ஒலியை ஏந்தித் தொடர்ந்து நீட்டுகின்றன. அனைத்து வாத்தியங்களும் ஒரே இசைவரியையே பின்பற்றுகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தன் இயல்புக்கேற்ற அசைவுகளோடு அதை வாசிப்பதால், ஒற்றை வரி பல இழைகளாக விரிந்து மீண்டும் ஒன்றுகூடுகிறது. இசையியலாளர்கள் 'ஹெட்டரோஃபனி' என அழைக்கும் இந்த அமைப்பில் ஹார்மனி இல்லை. இருந்தும் இசை வறுமையாக ஒலிப்பதில்லை.

முதன்மைச் சுரம் என்னும் முறை

இவ்விரண்டு இயல்புகளையும் ஐரோப்பிய வாத்தியங்களில் எழுதுவதற்காக யுன் 1960களில் வளர்த்தெடுத்த முறையை 'முதன்மைச் சுர முறை' எனலாம். ஒரு நீண்ட சுரம் நடுநாயகமாக நிற்கிறது. அதற்கு முன் சில சிறு சுரங்கள் விரைந்து வந்து அதைத் தொட்டுக் காட்டுகின்றன. சுரம் முதலில் அசைவின்றி ஒலித்து, பின்னர் அதிர்ந்து, அரைச் சுரத்திலும் குறுகிய கால் சுர அளவுகளில் வழுக்கி, வலுத்து, மங்கி, இறுதியில் ஒரு சுழற்சியோடு அடுத்த முதன்மைச் சுரத்துக்கு இடம் விடுகிறது. ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொரு வாத்தியக் குழுவுக்கும் இத்தகைய முதன்மைச் சுரம் ஒன்று அமையும்போது, பல தூரிகைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் பெரும் ஒலிப்பரப்பு உருவாகிறது.

இங்கே மேற்கத்திய மரபு வெறும் கருவிப்பெட்டியாகச் சுருங்கிவிடவில்லை. கொரிய இசையில் அசைவுகள் குறிப்பிட்ட அளவுகளுக்கும் வட்டார மரபுகளுக்கும் கட்டுப்பட்டவை. கமகம் ராகத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதைப் போன்றதே அது. யுன் அந்த அசைவுகளை அளவுகளிலிருந்து விடுவித்து, ஷோன்பெர்க்குக்குப் பிந்தைய ஐரோப்பிய இசை திறந்துவைத்த பன்னிரு சுரப் பரப்பில் உலவவிட்டார். நீண்ட படைப்பை வளர்ச்சியும் உச்சமும் கொண்டதாகக் கட்டும் திறனையும் பெரிய ஆர்கெஸ்ட்ராவின் வண்ணங்களையும் ஐரோப்பா தந்தது. சுரத்துக்குள் நிகழும் இயக்கத்தைக் கொரியா தந்தது. வெளிப்பார்வைக்கு அசைவற்றுத் தோன்றும் ஒன்றின் உள்ளே ஓயாத இயக்கம் இருக்கிறது என்ற தாவோயியச் சிந்தனையையும் யுன் இம்முறையின் அடிப்படையாகக் கொண்டார்.

1966 அக்டோபரில் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் புத்திசை விழாவில் அரங்கேறிய 'ரெயாக்' என்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்பு இம்முறையின் முதல் பெரும் வெற்றி. கொரிய வாய் ஆர்கனின் அடர்ந்த ஒலிக்கொத்தை அது ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவில் எழுப்பியது. சடங்கிசையின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கும் 'பாக்' என்ற மரத்தட்டுக் கருவியையும் தாளவாத்தியங்களோடு சேர்த்தது. அப்படைப்பால் யுன்னின் பெயர் உலகளவில் பரவியது.

சிறையும் தனிக்குரலும்

அடுத்த ஆண்டே அவர் வாழ்க்கை திசைமாறியது. 1967 ஜூன் 17ஆம் நாள் தென்கொரிய உளவுத்துறையினர் மேற்கு பெர்லினிலிருந்து அவரைக் கடத்திச் சியோலுக்குக் கொண்டுசென்றனர். பழங்காலக் கல்லறை ஓவியங்களைக் காண்பதற்காக 1963இல் அவர் வடகொரியாவுக்குச் சென்றிருந்தது, வடகொரியாவின் உளவாளி என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக்கப்பட்டது. முதலில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 15 ஆண்டுகளாகவும் பின்னர் 10 ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன், லிகெட்டி, ஸ்டாக்ஹவுசன் முதலிய ஏறத்தாழ 200 கலைஞர்கள் அவருடைய விடுதலையை வேண்டிக் கையொப்பமிட்டனர். மேற்கு ஜெர்மன் அரசும் அழுத்தம் கொடுத்தது. சிறையில் அவர் எழுதி முடித்த 'பட்டாம்பூச்சியின் விதவை' என்ற ஆப்பெரா 1969 பிப்ரவரியில், அவர் இல்லாமலேயே, நியூரம்பெர்கில் அரங்கேறியது. அதே ஆண்டு விடுதலையாகி பெர்லினுக்குத் திரும்பிய அவர், 1971இல் ஜெர்மன் குடியுரிமை பெற்றார். தென்கொரிய மண்ணை அதன்பின் அவர் உயிரோடு மிதிக்கவே இல்லை. தென்கொரிய உளவுத்துறையின் கடந்தகால நடவடிக்கைகளை ஆராய்ந்த குழு, அந்த வழக்கு அரசால் மிகைப்படுத்தப்பட்டது என 2006இல் அறிவித்தது.

இந்த அனுபவத்துக்குப் பின்னர் கன்செர்ட்டோ வடிவம் யுன்னுக்குப் புதிய பொருள் தந்தது. தனி வாத்தியம் தனிமனிதராகவும், ஆர்கெஸ்ட்ரா அம்மனிதரைச் சூழ்ந்த உலகமாகவும் மாறின. 1976இல் எழுதிய செல்லோ கன்செர்ட்டோ சிறைக்கால நினைவுகளிலிருந்து பிறந்தது. அதில் செல்லோ, விடுதலையைக் குறிக்கும் 'ஏ' என்ற சுரத்தை எட்ட மீண்டும் மீண்டும் முயல்கிறது. மிக அருகில் சென்றும் அதை அடைய முடியாமலே படைப்பு முடிகிறது. கொமுங்கோவைக் குச்சியால் தட்டும் ஒலியை நினைவூட்டும் இடங்களும் அதில் உள்ளன.

1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் மக்களாட்சி வேண்டி எழுந்த மக்கள் எழுச்சியை இராணுவம் இரத்தக்களரியில் அடக்கியது. அதன் நினைவாக யுன் 1981இல் 'குவாங்ஜு நினைவாக' என்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்பை எழுதினார். அதே ஆண்டில் முதல் வயலின் கன்செர்ட்டோவும் உருவாயிற்று. அது அடுத்த ஆண்டு ஃபிராங்ஃபர்ட்டில், ஜப்பானிய வயலின் கலைஞர் அக்கிகோ தத்சுமியின் வாசிப்பில், எலியாஹு இன்பாலின் தலைமையில் அரங்கேறியது. அரை மணி நேரத்துக்கும் மேலாக நீளும் இப்படைப்பில் செல்லோ கன்செர்ட்டோவின் வெடிப்புகளைவிட நீண்ட பாடல்தன்மை மேலோங்கி நிற்கிறது. 1980களில் யுன்னின் இசை பொதுவாகவே எளிமையையும் நேரடித்தன்மையையும் நோக்கித் திரும்பியதற்கு இது சான்று. துயரத்தைச் சொல்வதோடு நிற்காமல் கேட்போர் பலரையும் சென்றடையவேண்டும் என்ற பொறுப்பை அவர் அக்காலத்தில் உணர்ந்திருந்தார்.

1986இல் நிறைவுற்ற இரண்டாம் கன்செர்ட்டோவின் ஒரு பகுதி 1983இலேயே தனிப்படைப்பாக எழுதப்பட்டது. பட்டாம்பூச்சிக்கும் அணுகுண்டுக்கும் இடையிலான உரையாடல் என்பது அதன் தலைப்பு. தாவோயியச் சிந்தனையாளர் சுவாங்சியின் கனவிலிருந்து வரும் பட்டாம்பூச்சியாக வயலினையும், அணு ஆயுதப் போட்டி உச்சத்திலிருந்த காலத்தின் அச்சமாக ஆர்கெஸ்ட்ராவின் கனத்த ஒலியையும் கேட்பவர் எளிதில் உணர்ந்துகொள்ளலாம். மூன்றாம் கன்செர்ட்டோ 1992இல், அவர் மறைவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது.

வயலின் ஏன் பொருந்தியது

இந்தச் சிந்தனைக்கு வயலினைப் போல் ஒத்துழைக்கும் மேற்கத்திய வாத்தியங்கள் சிலவே. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியபின் அச்சுரத்தின் உயரத்தை மாற்றவோ, அதை மேலும் வலுப்படுத்தவோ இயலாது. வயலினின் விரற்பலகையில் வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இல்லாததால் எந்த நுண்சுரத்திலும் விரல் நிற்கலாம், எங்கிருந்து எங்கும் வழுக்கலாம். வில் ஓடும்வரை ஒலி நீடிக்கும். வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றும்போது ஒலியின் தடிமன் தூரிகைக் கோட்டைப் போலவே மாறும். ஹெகுமும் ஆஜெங்கும் செய்யும் பணிகளை வயலின் தன் இயல்பைக் கைவிடாமலே செய்ய முடிகிறது.

இருந்தபோதிலும் மேற்கத்தியப் பயிற்சி பெற்ற கலைஞர் ஒருவர் இவற்றை வாசிக்கும்போது பழைய பழக்கம் ஒன்றைத் தளர்த்த வேண்டியுள்ளது. 20ஆம் நூற்றாண்டு வயலின் வாசிப்பில் 'விப்ராட்டோ' எனப்படும் விரல் அதிர்வு, ஒலிக்கு மெருகேற்றும் வண்ணமாக ஏறக்குறைய எல்லாச் சுரங்களிலும் இடைவிடாது பூசப்படுகிறது. யுன்னின் இசையில் அதிர்வு ஒரு நிகழ்ச்சி. எப்போது தொடங்குகிறது, எவ்வளவு அகலமாகிறது, எப்போது ஓய்கிறது என்பவையே அங்கு இசையின் பொருளாகின்றன. எல்லாச் சுரங்களும் ஒரே சீராக அதிர்ந்தால் அந்தப் பொருள் மறைந்துவிடும்.

புதிதாகக் கேட்பவரும் இதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். முணுமுணுக்கத்தக்க மெட்டைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வயலின் ஏந்தும் ஒரு நீண்ட சுரத்தைப் பற்றிக்கொண்டு, அது எப்படி வந்து சேர்கிறது, எங்கே நடுங்குகிறது, ஆர்கெஸ்ட்ராவில் எந்த வாத்தியம் அதை ஏந்திக்கொள்கிறது, பித்தளைக் குழல்கள் எப்போது அதை மறிக்கின்றன எனத் தொடர்ந்து கவனித்தால், முதலில் குழப்பமாக ஒலித்த பரப்பு ஒரு மனிதக் குரலின் பயணமாகத் தெளிவடையும்.

பின்வந்தோர்

யுன்னிடம் பெர்லினில் கற்ற ஜப்பானியர் தொஷியோ ஹொசொகாவா, ஒற்றைச் சுரத்தைத் தூரிகை வீச்சாகக் காணும் சிந்தனையைத் தம் நாட்டு மரபோடு இணைத்து வளர்த்தார். யுன்னிடம் பயின்ற காங் சொக்ஹி சியோலில் ஆசிரியரானார். அவருடைய மாணவி உன்சுக் சின், பின்னர் ஹாம்பர்கில் லிகெட்டியிடம் கற்று, 2001இல் தம் முதல் வயலின் கன்செர்ட்டோவை எழுதினார். விவியானே ஹாக்னரின் வாசிப்பில் 2002 ஜனவரியில் பெர்லினில் அரங்கேறிய அப்படைப்பு, 2004இல் இசையமைப்புக்கான கிராவெமெயர் விருதைப் பெற்றது. வயலினின் நான்கு திறந்த தந்திகளிலிருந்து முழு உலகையும் விரிக்கும் அந்தப் படைப்பில் கொரியச் சாயலைத் தேடுவோரைச் சின் ஊக்குவிப்பதில்லை. தம் இசைக்கு நாட்டு அடையாளம் ஒட்டப்படுவதை அவர் விரும்பாதவர். யுன் தம் மரபை நிலைநாட்டப் போராட வேண்டியிருந்தது என்றால், அடுத்த தலைமுறை அந்தப் போராட்டத்தின் பயனாகவே எந்த அடையாளத்தையும் சுமக்காமல் எழுதும் உரிமையை அடைந்தது எனலாம்.

யுன் 1995 நவம்பரில் பெர்லினில் காலமானார். தொங்யொங்கில் 2002 முதல் பன்னாட்டு இசை விழாவும், அதையடுத்து அவர் பெயரால் வயலின், செல்லோ, பியானோ ஆகியவற்றுக்குச் சுழற்சி முறையில் போட்டியும் நடைபெற்று வருகின்றன. யுனெஸ்கோ 2015இல் அந்நகரை இசைக்குரிய படைப்பாக்க நகரமாக ஏற்றது. அவருடைய அஸ்தி 2018இல் பெர்லினிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. 2022இல் தொங்யொங் இசை விழாவின் கலை இயக்குநர் பொறுப்பை உன்சுக் சின் ஏற்றார்.

மரபுகளின் கலப்பு என்ற பெயரில் இன்று உலகெங்கும் ஏராளமான இசை உருவாகிறது. அவற்றை எடைபோட யுன்னின் வயலின் கன்செர்ட்டோக்கள் ஓர் உரைகல்லாகின்றன. இரண்டு மரபுகளின் அடையாளச் சின்னங்களையும் நீக்கியபின் அந்த இசையில் என்ன எஞ்சுகிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கன்செர்ட்டோக்களில் கொரிய வாத்தியமோ கொரிய உடையோ மேடையில் இல்லை. ஆனால் அவற்றின் ஒவ்வொரு நீண்ட சுரமும் கொரியக் கலைஞர்கள் தலைமுறைகளாகப் பயின்ற கவனத்தோடு பிறந்து, ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவின் முழு ஆற்றலோடு வளர்கிறது. இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் அந்தச் சுரம் நிற்காது. இரண்டு மரபுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் அந்த நிலையைத்தான் கலப்பு என்ற சொல்லின் முழுப் பொருளாகக் கொள்ள வேண்டும்.